அடைக்கோழியின் கடைசி மூன்று நாள்

பல்லடம், உடுமலை வட்டாரத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களில் பதினெட்டாம் நாள் முக்கியமான நாள். அதுவரை முட்டைகள் 'செட்டர்' என்ற இயந்திரத்துக்குள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, மணிக்கொரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 45 டிகிரி சாய்ந்துகொண்டிருக்கும். பதினெட்டாம் நாள் அவற்றை எடுத்து, ஆட்டமோ சாய்வோ இல்லாத 'ஹேச்சர்' என்ற இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றுவார்கள். வெப்பத்தை ஒரு சிட்டிகை குறைத்து, ஈரப்பதத்தை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பிறகு அநாவசியமாக யாரும் திறப்பதில்லை.

அதே ஊரில், தறிக்குடோனுக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பில், நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள் படுத்திருக்கும் நாட்டுக்கோழியும் பதினெட்டாம் நாளில் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. முட்டைகளை உருட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. கூட்டைவிட்டு இறங்குவதும் குறைகிறது. இறகை அகல விரித்து அப்படியே அழுந்தி உட்கார்ந்துவிடுகிறது. நாம்தான் அன்றைக்கு அதைச் சும்மா விடமாட்டோம். தூக்கிப் பார்ப்போம், முட்டையைக் காதில் வைத்துக் கேட்போம், பெட்டியை மாற்றுவோம், புதுத் துணி விரிப்போம். அந்த ஆசையெல்லாம் நியாயமானதுதான். ஆனால் அந்த வேலைகளைச் செய்ய வேண்டிய நாள் அதுவல்ல.

பனியனுக்குப் பெயர்போன திருப்பூர் மாவட்டத்துக்குக் கோழியும் ஒரு தொழில். 1984இல் உடுமலைப்பேட்டையில் சிறிய அளவில் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம், விவசாயிகளிடம் குஞ்சையும் தீவனத்தையும் கொடுத்து வளர்ப்புக்கூலி தருகிற ஒப்பந்த முறையைப் பெரிதாக வளர்த்தெடுத்தது. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. இந்த மாவட்டத்தில் வளரும் கறிக்கோழிக் குஞ்சு எதுவும் தாயின் வயிற்றுச் சூட்டை அறியாது. பக்கத்து நாமக்கல்லின் முட்டைக்கோழியோ அடை என்பதையே ஏறக்குறைய மறந்துபோன கோழி. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது என்பதால், வெள்ளை லெகார்ன் வழியில் அடைபடுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள். ஆக, இந்தத் திறமை இன்னும் மிச்சமிருப்பது சிறுவிடை, பெருவிடை என்று நாம் சொல்லும் நாட்டு இனங்களிடம்தான்.

அந்தத் திறமை என்ன என்று பார்ப்போம். ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்தபின் ஒருநாள் கூட்டைவிட்டு இறங்க மறுக்கிறது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது, கொத்துகிறது. "அவயத்துக்கு வந்துருச்சு" என்பார்கள் கொங்கு நாட்டில். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அப்போது புரோலாக்டின் என்ற இயக்குநீரை வாரி இறைக்கிறது. தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கும் அதே புரோலாக்டின்தான். 1930களில் ஆஸ்கார் ரிடில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதற்குப் பெயர் வைத்ததே ஒரு பறவையைக் கொண்டுதான். புறா தன் குஞ்சுக்கு ஊட்டும் 'பாலை'ச் சுரக்க வைக்கும் பொருள் எது என்று தேடியபோது அது அகப்பட்டது. கோழியில் அது முட்டையிடுவதை நிறுத்துகிறது, சூற்பையைச் சுருக்குகிறது, அடிவயிற்று இறகை உதிர்த்துத் தோலை வெறுமையாக்குகிறது. அந்த வெற்றுத்தோலில் இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. முட்டை அங்கே பட்டுக்கொண்டிருக்கும்வரை புரோலாக்டின் குறையாது. முட்டையை எடுத்துவிட்டால் சில நாளில் அடை தெளிந்துவிடும். கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது போன்ற பழைய வைத்தியங்களைவிட இது சாதுவான வழி.

அந்தத் தோலின் வேலை அபாரமானது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் நம் விரலில் இரத்தக்குழாய் சுருங்கும். உடம்புச் சூட்டைக் காப்பாற்ற உடம்பு எடுக்கும் நடவடிக்கை அது. அடைக்கோழியின் வயிற்றுத்தோல் நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஆறிப்போன முட்டை பட்டால் அங்கே இரத்தக்குழாய்கள் விரிந்து, இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. 1980களில் பேண்டம் கோழிகளை வைத்து இதை அளந்தே காட்டினார்கள். தன் சூடு வீணாவதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு சாண் தோல்! கோழியின் உடம்பு 41 டிகிரி செல்சியஸ். முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி. இடையிலுள்ள வித்தியாசத்தை அழுந்தி உட்கார்ந்தும், கொஞ்சம் எழுந்தும், ஓரத்து முட்டையை நடுவுக்கு உருட்டியும் சரிக்கட்டிவிடுகிறது.

இத்தனைக்கும் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. பக்கத்திலேயே தீனி வைத்தாலும் அடைபடுத்த காட்டுக்கோழி அதைப் பெரிதாகத் தொடுவதில்லை என்று 1980இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பசியை அடக்கிக்கொண்டு கிடக்கிறது என்று நாம் பரிதாபப்பட வேண்டாம். உடம்பு தன் எடையின் அளவுகோலையே கீழே இறக்கி வைத்துவிடுகிறது, அதனால் பசி எழுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். நாளுக்கு ஒருமுறை இறங்கும். நாலு கொத்து, நாலு மிடறு தண்ணீர், ஒரு மண்குளியல், அடக்கி வைத்திருந்த எச்சத்தை மொத்தமாகக் கழிப்பது, உடனே திரும்பிவிடுவது. ஆகவே தீனியையும் தண்ணீரையும் கூட்டுக்குள் வைக்காதீர்கள். நாலைந்து அடி தள்ளி வையுங்கள். உள்ளேயே வைத்தால் கோழி இறங்காது, முட்டைமேலேயே கழிந்துவிடும். நுண்துளை உள்ள ஓட்டில் அது படிந்தால் கிருமி உள்ளே போகும்.

அடைவைக்கும்போது கூட்டில் ஒரு கரித்துண்டு, இரும்பு ஆணி, வரமிளகாய் போட்டுவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்றும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்றும் நம்பிக்கை. இடிச்சத்தத்தால் கரு சாகும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் இடி இடிக்கும் சித்திரை, வைகாசியில் கூமுட்டை அதிகமாவது பொய்யல்ல, அதற்குக் காரணம் வேறு. இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே பல்லாயிரம் உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். முட்டை வெளியே வந்து ஆறியதும் அந்த வளர்ச்சி நின்று, உறக்கத்தில் கிடக்கும். அதனால்தான் முதல் நாள் இட்ட முட்டையும் பத்தாம் நாள் இட்ட முட்டையும் ஒரே நாளில் பொரிக்கின்றன. இந்த உறக்கம் நீடிக்கச் சுற்றுச்சூடு சுமார் 20 டிகிரிக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். திருப்பூரின் ஏப்ரல் மதியம் 38 டிகிரியைத் தொடும். ஓட்டுவீட்டு அடுக்களையில் இரவிலும் 28, 29க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல், கோழி மேலே ஏறி உட்காருவதற்கு முன்பே பாதி செத்துவிடும். கொலை செய்தது வெயில், பழி இடிமேல். என் கட்சி இதுதான்: கோடையில் கடைசி ஐந்தாறு நாளில் இட்ட முட்டைகளை மட்டும் அடைக்கு வைத்து, மற்றவற்றைக் கொத்தமல்லி தூவிப் பொரித்துச் சாப்பிட்டுவிடலாம். சேர்த்துவைக்கும் முட்டைகளை ஈரமணல் நிரப்பிய பானைமேல் ஒரு சட்டியில், நிழலில் வைத்தால் ஆவியாகும் நீர் சில டிகிரியைக் குறைத்துத் தரும். இரும்பு ஆணி இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் ஒன்றுமில்லை.

ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் கடைசி மூன்று நாளுக்குப் போக முடியாது. முட்டை ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் உண்டு. பண்ணை முட்டை அளவுள்ள 60 கிராம் முட்டையில், 21 நாளில் அந்தத் துளைகள் வழியே ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது, 4.5 லிட்டர் கரியமில வாயு வெளியே வருகிறது, 11 லிட்டர் நீராவியும் வெளியேறுகிறது. நுரையீரலும் மூச்சும் இல்லாமல், வெறும் ஊடுபரவலால் நடக்கும் காரியம் இது. நீர் போன இடத்தில் காற்று வந்து நிற்கிறது. முட்டையின் மொண்ணை முனையில் காற்றறை பெரிதாகிறது. எடையில் சுமார் 12 முதல் 14 சதவீதம் குறைந்தால் சரியான அளவு. குறைவாகப் போனால் காற்றறை சிறிதாகி, குஞ்சு ஊறிப்போய்த் திணறும். அதிகமாகப் போனால் உள்சவ்வு காய்ந்து தோலாகிக் குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும்.

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயமாகவே இருக்கும். காற்று வறண்டால் பஞ்சு நூல் அறுபடும் என்பதால் ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் நிறுத்த ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். செட்டருக்குள்ளும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கடைசி மூன்று நாள் ஹேச்சரில் அதை 65, 70க்கு ஏற்றுகிறார்கள். மில்லுக்குள் செயற்கையாக ஈரம் வேண்டியிருப்பதற்கும் நம் முற்றத்து முட்டை காய்ந்துபோவதற்கும் காரணம் ஒன்றே: மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நிலம் இது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், தாராபுரம் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு நம் கோழிக்கூட்டுக்குள்ளும் நுழைகிறது. கூட்டின் வாய் மேற்கே பார்த்திருந்தால் கிழக்கே திருப்பிவிடுங்கள். இதைவிடச் செலவில்லாத சீர்திருத்தம் கிடையாது.

இனி உள்ளே நடப்பது. பதினெட்டாம் நாள் முட்டையில் காற்றறை நீங்கலாக மற்ற இடமெல்லாம் குஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டிலிருந்து கரைத்தெடுத்த சுண்ணாம்புச்சத்தால் எலும்பு கட்டியாகிவிட்டது. அதே காரணத்தால் ஓடும் உள்புறம் சற்று மெலிந்துவிட்டது. இதுநாள்வரை ஓட்டின் உட்சுவர் முழுக்கப் படர்ந்திருக்கும் இரத்தக்குழாய்ச் சவ்வுதான் குஞ்சுக்கு மூச்சு. ஆனால் உடம்பு பெருத்துவிட்டது, பத்தாயிரம் துளை போதவில்லை. கரியமில வாயு சேர்கிறது. அந்த மூச்சுமுட்டலே பொரிப்பதற்கான மணி. பின்கழுத்தில் இதற்காகவே பருத்திருக்கும் ஒரு தசை வெட்டிவெட்டி இழுக்க, அலகு மேலெழுந்து காற்றறையின் சவ்வைக் கிழிக்கிறது. அங்கே இருக்கும் ஒரு வாய்க் காற்றை இழுத்து நுரையீரல் முதல்முறையாக விரிகிறது. முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்ற குரல் கேட்பது இதன் பிறகுதான்.

அந்தக் குரலுக்குத் தாய் பதில் கொடுக்கிறது. அதுவரை ஊமையாகக் கிடந்த கோழி அடித்தொண்டையில் 'க்ளுக், க்ளுக்' என்று மெல்லப் பேசத் தொடங்கும். முட்டைகள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கின்றன. மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் 1960களில் காடை முட்டைகளை ஒட்டி அடுக்கிவைத்துப் பார்த்தபோது, பக்கத்து முட்டையின் சொடுக்குச் சத்தம் கேட்டு, பின்தங்கிய கரு வேகம் கூட்டுவதைக் கண்டார். எல்லாரும் சேர்ந்து வெளியே வந்தால்தான் தாய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியும். கோழிக்கும் அதுவே நிலைமை. முதல் குஞ்சு வந்து ஓரிரு நாளில் தாய் இறங்கிவிடும். பிந்திய முட்டை அம்போ. அதனாலேயே அடைவைக்கும் அன்று முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வீட்டில் மற்ற பெட்டைகள் இருந்தால் அவை அந்தக் கூட்டிலேயே வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிடலாம்.

காற்றறையில் மூச்சுவிட்ட குஞ்சு, அலகின் நுனியிலிருக்கும் கடுகளவு முள்ளால் ஓட்டில் ஒரு விரிசல் போடுகிறது. பிறகு சும்மா கிடக்கிறது. இங்கேதான் நம் பொறுமை போய்விடும். விரிசல் விழுந்து ஆறு மணி நேரமாயிற்று, எட்டு மணி நேரமாயிற்று, ஒன்றும் காணோம், பாவம் மாட்டிக்கொண்டது என்று நகத்தால் ஓட்டை உரிக்கப்போவோம். உரித்தால் இரத்தம் கசியும். ஏனென்றால் அந்த இடைவேளையில் குஞ்சு ஓய்வெடுக்கவில்லை. சவ்வின் குழாய்களில் இருக்கும் இரத்தத்தையெல்லாம் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது; வெளியே தொங்கிய மஞ்சள்கருப் பையைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் வாங்கி மூடிக்கொண்டிருக்கிறது. 12 மணி நேரம் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். வேலை முடிந்ததும் காலை உந்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, ஓட்டை வட்டமாக அறுத்து மூடியைத் தள்ளிவிடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் கூட்டைத் தயார்செய்வது எளிது. பதினெட்டாம் நாளுக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கோழியை இடம்மாற்றுவதானால் அடைவைக்கும்போதே, இரவில், முட்டையோடு மாற்றிவிடுங்கள்; பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் முட்டையை ஒளிபடப் பிடித்தால் சிலந்திக்கால் போலச் செந்நரம்பு தெரியும்; தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடலாம். கோழிச்செல்லை மறக்கக்கூடாது. இராப்பொழுதில் ஊர்ந்து இரத்தம் குடிக்கும் செல் பெருத்தால் இருபதாம் நாளில்கூடக் கோழி கூட்டைவிட்டு எழுந்து போய்விடும். புதிய மண், காய்ந்த வேப்பிலை, பக்கத்தில் ஒரு சாம்பல் குழி, இவை அடிப்படை.

திருப்பூருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. கூட்டுக்கு மெத்தையாக இங்கே எல்லாரும் பனியன் வேஸ்ட்டைத்தான் அள்ளிப்போடுகிறார்கள். காசில்லாமல் கிடைக்கிறது, மெத்தென்று இருக்கிறது. கட்டிங் வேஸ்ட்டின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கண்ணி கண்ணியாக அவிழ்ந்து வந்துகொண்டே இருக்கும். பின்னலாடையின் இயல்பே அதுதான். பிறந்த குஞ்சின் விரலோ தீக்குச்சியைவிட மெல்லியது. அது நூலைக் கீறிக்கீறி நடக்கும்போது விரலிடுக்கில் ஒரு சுற்று விழும், பிறகு இன்னொரு சுற்று. குஞ்சின் கால் நாளுக்கு நாள் பருக்கும், நூல் பருக்காது. ஒரு வாரத்தில் விரல் நீலமாகும், அப்புறம் கருத்து உதிரும். லைக்ரா கலந்த துணியென்றால் அது இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். நூலை விழுங்கினால் இரைப்பையில் சிக்கு விழும். ஆகவே துணி கூடவே கூடாது. வெறும் அட்டைப்பெட்டியும் உதவாது. வழவழப்பில் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து அப்படியே நின்றுவிடும். அடியில் நாலு விரற்கடை மண், நடுவில் கிண்ணம் போல லேசான குழிவு, அதன்மேல் நறுக்கிய வைக்கோலோ கசக்கிய சோளத்தட்டோ போதும். மண்ணின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கடைசி நாட்களுக்கு வேண்டிய ஈரமும் ஆயிற்று. கோடையில் தகரக்கூரைமேல் நனைத்த கோணிச்சாக்கு போடலாம். கூட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் இறங்கிய குஞ்சு திரும்ப ஏறமுடியாமல் விறைத்துப்போகும்; பதினேழாம் நாளே விளிம்பை அறுத்துத் தாழ்த்திவிடுங்கள். கோழியை மூடிவைக்கும் கொடாப்பின் கண்ணிகள் கீரிக்குட்டி நுழையாத அளவு நெருக்கமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொரித்த அன்று குஞ்சுக்குத் தீனி வேண்டாம். வயிற்றுக்குள் வாங்கிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். கடைசிக் குஞ்சு வரும்வரை முதல் குஞ்சு பொறுத்திருக்க இயற்கை கொடுத்த கட்டுச்சோறு அது. ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் அனுப்பும் கறிக்கோழித் தொழில் மொத்தமும் இந்த ஒரு பிடி மஞ்சள்கருவை நம்பித்தான் நடக்கிறது. பிறகு கம்பு, குருணை. அகலத் தட்டில் தண்ணீர் வைத்து நடுவில் கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள், குஞ்சு விழுந்து முழுகாது. எதைத் தின்னலாம் என்று காட்டிக்கொடுப்பதைத் தாய் பார்த்துக்கொள்ளும்.

தாயால் பார்த்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. வெள்ளைக்கழிச்சல். 1920களில் குமாவுன் மலையூரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயரில் வழங்கும் இந்த வைரஸ் நோய் ஒரு தெருவின் கோழிகளை ஒரே வாரத்தில் துடைத்துப் போட்டுவிடும். மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. ஏழாம் நாளுக்குள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. தடுப்பூசிக் குப்பியைக் கரைத்துவிட்டால் சீக்கிரமே பயன்படுத்தியாக வேண்டும். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் போடலாம். ஆகவே பொரித்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதே வாரம் குஞ்சு பொரித்த அக்கம்பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.